மாமன் மடியும் மூன்று சிம் கார்டும்

குலதெய்வம் கும்பிடப் போகிறவர்கள் கற்பூரம் வாங்குவார்கள், தேங்காய் வாங்குவார்கள், கையில் வசதி இருந்தால் கிடா வாங்குவார்கள். என் அண்ணன் சந்திரசேகரன் சிம் கார்டு வாங்குவான். மலைக்குப் போகலாம் என்று நாங்கள் வாயைத் திறந்ததுமே அவனுடைய முதல் கேள்வி, "அங்க எந்த டவர் எடுக்கும்?" என்பதுதான். சாமிக்கு என்ன படைக்கலாம் என்று அவன் ஒருநாளும் கேட்டதில்லை.

அவன் கெட்டவன் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் போகப் போக எனக்கு வாய் நீளும். பெங்களூர் ஓரத்துச் சந்தாபுராவில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்புக்குக் கணக்கு சொல்லிக் கொடுக்கிறேன். வாய் நீளாமல் அந்த வேலையைச் செய்ய முடியாது.

எங்கள் ஊர் ராயக்கோட்டை. அப்பா சீக்கிரமே போய்விட்டார். அண்ணன்தான் முதலில் பெங்களூர் வந்தான். எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கம்பெனியில், கடல் தாண்டி இருக்கிற ஏதோ ஒரு வங்கியின் கம்ப்யூட்டர்கள் படுத்துவிடாமல் பார்த்துக்கொள்ளும் வேலை. படுத்தால் இவனுக்குப் போன் வரும், இவன் எழுப்பிவிட வேண்டும். வங்கிக்காரன் இவன் முகத்தைப் பார்த்ததில்லை, இவனும் அந்த வங்கியின் வாசலை மிதித்ததில்லை. ஆனாலும் அதற்குக் காய்ச்சல் என்றால் இவன் சோற்றில் கை வைக்க மாட்டான். அப்பா இடத்தில் இருந்து என்னைப் படிக்கவைத்தான். பொம்மசந்திராவில் பம்பு செய்யும் கம்பெனியில் வேலை பார்க்கும் பாலசுப்ரமணியனுக்குக் கட்டிக்கொடுத்தான். தான் ஹெப்பகோடியில் வீடு வாங்கியபோது, கூப்பிடு தூரத்தில் எங்களைச் சந்தாபுராவில் குடிவைத்தான். அந்த நன்றி எனக்கு உண்டு. நன்றி இருப்பதால்தான் இவ்வளவு கோபமும் வருகிறது.

கல்யாணமான புதிதில் அவனும் அண்ணியும் சிக்மகளூர் பக்கம் ஒரு காப்பித் தோட்டத்துக்குப் போனார்கள். அண்ணி சுனிதா பெங்களூரிலேயே பிறந்து வளர்ந்தவள், வாயில் தமிழும் கன்னடமும் கலந்துதான் வரும். தோட்டத்தில் போன் செத்துக் கிடந்தது. தன் கல்யாண வாழ்க்கையில் நிம்மதியாக இருந்த இரண்டு நாள் அதுதான் என்று அண்ணி இன்றைக்கும் சொல்லுவாள். அந்த இரண்டு நாளில்தான் வங்கி படுத்தது. திரும்பி வந்தவனை யாரும் திட்டவில்லை. வருஷக் கடைசியில் ஆளாளுக்கு மதிப்பெண் போடும்போது மட்டும், வேலையில் கெட்டிக்காரர்தான், ஆனால் வேண்டும்போது கிடைக்க மாட்டார் என்று சொல்லி, இவனுக்கு வரவேண்டிய பதவியை ஹரிஷ்குமார் என்ற ஒருவனுக்குக் கொடுத்துவிட்டார்கள். சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகாது. என் அண்ணன் அதற்குப் பிறகு டவர் தெரியாத ஊருக்குப் போவதை விட்டான்.

போகாமலும் இருக்க முடியவில்லை. ஊரில் சாவு, நோம்பி, கல்யாணம் என்று வந்துகொண்டேதானே இருக்கும். அதனால் அவன் ஊரைப் பற்றிப் படிப்பதை விட்டுவிட்டு டவரைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தான். கம்பெனிக்காரர்கள் வரைபடத்தில் அடித்திருக்கும் பச்சையை நம்பக் கூடாது, அங்கேயே குடியிருக்கும் ஒருவரைப் பிடித்துக் கேட்க வேண்டும் என்பான். ஒரே கம்பெனியின் இரண்டு சிம் வைத்திருப்பது ஒரே மரத்தில் இரண்டு ஏணி சாத்துவது மாதிரி என்பான். ஒரே கம்பெனிக்கென்று பூட்டிவைத்த ஹாட்ஸ்பாட் டப்பாவை வாங்கி ஏமாறாதே, காட்டுக்குள் அது வெறும் டப்பா என்பான். புது சிம்மைக் கிளம்பும் அன்றைக்கு வாங்காதே, உயிர் வர நேரமாகும் என்பான். ஆபீசில் யார் எங்கே கிளம்பினாலும் இவனிடம் வந்து கேட்பார்கள். "லடாக்குக்கு ப்ரீபெய்ட் எடுத்துட்டுப் போகாதப்பா, வேலை செய்யாது, போஸ்ட்பெய்டா மாத்திக்கோ" என்று ஆசை ஆசையாகச் சொல்லி அனுப்புவான். இவனுக்கும் லடாக் பார்க்க ஆசைதான். போனதில்லை.

எனக்குக் கல்யாணமாகி வெகுகாலம் பிள்ளை இல்லை. பார்க்காத டாக்டர் இல்லை, கேட்காத பேச்சில்லை. அந்த நாட்களில் என் எதிரே உட்கார்ந்து ஆறுதல் சொல்லத் தெரியாமல் அண்ணன் திணறுவான். ஒருமுறை, "உனக்குப் பொறக்கும் சாந்தா. பொறந்து, நம்ம வேடியப்பன் கோயில்ல, என் மடில உக்கார வச்சுதான் காது குத்துவோம். பாரு" என்றான். அவனுக்குப் பிள்ளை இல்லை. அதை நாங்கள் பேசுவதில்லை. அவன் அப்படிச் சொன்னபோது என் பிள்ளையை மட்டும் அவன் நினைக்கவில்லை என்று எனக்குத் தெரியும்.

மகிழினி பிறந்தாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அண்ணன் வருவான், வந்ததும் அவளை மடியில் போட்டுக்கொள்வான். பத்து நிமிஷம் ஆகாது, போன் அடிக்கும். "ஒரு நிமிஷம்டா கண்ணு" என்று அவளைப் பாயில் இறக்கிவிட்டு பால்கனிக்குப் போவான். முதலில் அழுவாள். பிறகு அழுவதை விட்டுவிட்டாள். பிள்ளைகளுக்கு எதுவும் சீக்கிரம் பழகிவிடும்.

எங்கள் வீட்டு வழக்கத்தில் காதுகுத்து என்பது சோறு போட்டு அனுப்புகிற விசேஷம் மட்டும் இல்லை. அன்றைக்கு யார் மடி கொடுக்கிறானோ அவன்தான் அந்தப் பிள்ளைக்குக் கடைசிவரை தாய்மாமன். பெரியவளானால் குடிசைக்கு ஓலை கட்டுவது அவன், கல்யாணத்தில் முதல் மாலை போடுவது அவன். கூடப் பிறந்தவன் மடி கொடுக்காமல் வேறொருவன் கொடுத்துவிட்டால், கொடுத்தவனுக்குத்தான் உரிமை. இதில் மறுபேச்சு கிடையாது. எங்கள் தூரத்து அத்தை ஒருத்தி இப்படித்தான் கூடப் பிறந்தவன் சண்டை போட்டுக்கொண்டு வராமல் போக, பக்கத்து வீட்டுக்காரரை உட்காரவைத்தாள். அத்தை செத்தபோது கோடித்துணி போட்டதும் அந்தப் பக்கத்து வீட்டுக்காரர்தான்.

வேடியப்பன் கோயில் தேன்கனிக்கோட்டைக்கு அப்பால், காட்டுக்குள் நரிக்கல் மலையில் இருக்கிறது. அங்கே வெள்ளிக்கிழமை மட்டும்தான் பூசாரி மலையேறுவார். வெள்ளிக்கிழமை என்றால் அண்ணனுக்கு வேலைநாள். நான் கேட்டேன், ஒருநாள் லீவு போடக் கூடாதா என்று. அதற்கு அவன் சொன்ன பதிலை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

"நெட் கிடைக்கிற எடத்துல இருந்துகினு எதுக்கு சாந்தா லீவு? வீட்லேர்ந்து வேலைன்னு போட்டுடறேன். யாரும் கூப்ட மாட்டாங்க. கூப்ட்டா எடுத்து ரெண்டு வார்த்தை பேசினா முடிஞ்சுது. லீவும் மிச்சம்."

மிச்சமான லீவை வைத்துக்கொண்டு அவன் என்ன செய்வான் என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

சந்தாபுரா மெயின் ரோட்டில் தினேஷ் என்பவர் போன் கடை வைத்திருக்கிறார். அங்கே போய் என் அண்ணன் மலை சிம் கேட்ட அழகை என் வீட்டுக்காரர் கூடப் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னார். ஒரு கம்பெனி சிம் ஏற்கனவே இருந்தது. நகரத்துக்குள் அது பறக்கும், காட்டில் சாகும். இரண்டாவதாக அரசாங்க சிம் வாங்கினான். அது மலை மேலேயும் நிற்கும், ஆனால் பேச மட்டும்தான் ஆகும், முகம் பார்க்க இழுக்காது. தினேஷ் பொறுமையிழந்து, "சார், நீங்க டூர் போறீங்களா, ஆபீஸ் தொறக்கப் போறீங்களா?" என்று கேட்டுவிட்டாராம். இவன் சிரித்துக்கொண்டே பூசாரிக்குப் போன் போட்டான்.

"சாமி, உங்க போன்ல எத்தினி பாயிண்ட் நிக்குது?"

பூசாரி ஊரில் இருந்து பேசினார். "கோயில்கிட்ட ஒண்ணும் நிக்காதுங்க. பின்னால கூகைப்பாறை இருக்குது பாருங்க, அதும்மேல ஏறினா நிக்கும். என் மருமவன் ஏறி நின்னுகினு மேட்ச் பாக்கறான்."

"உங்க மருமவன் எந்த சிம் வச்சிருக்காரு?"

அப்படி வந்ததுதான் மூன்றாவது சிம். காட்டுக்கு அந்தப்புறம் கர்நாடகா பக்கத்தில் நிற்கிற ஒரு டவரில் இருந்து அந்தப் பாறைக்கு மட்டும் சிக்னல் நேராக வருகிறதாம். அதையும் அவன் அப்படியே நம்பிவிடவில்லை. முந்தைய ஞாயிற்றுக்கிழமை பைக்கை எடுத்துக்கொண்டு தனியாகப் போய், மூன்றையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தான். பாறை மேலிருந்து எனக்கு வீடியோ கால் போட்டான். தலைமுடியெல்லாம் காற்றில் பறக்க, பல் முழுக்கச் சிரிப்பு.

"நான் தெளிவா தெரியறனா சாந்தா?"

"தெரியறண்ணா."

"குரல்?"

"எல்லாம் கேக்குது, எறங்கி வா, வெயில்ல நிக்காத."

எனக்கு அன்றைக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. என் பிள்ளையின் காதுகுத்துக்குப் பயமில்லாமல் வந்து உட்கார வேண்டும் என்றுதானே இந்தப் பாடு படுகிறான் என்று நினைத்தேன். அவன் அத்தனை சிரமப்பட்டது மலைக்கு ஆபீசைக் கூட்டிக்கொண்டு போவதற்கு என்று அப்போது உறைக்கவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் நாங்கள் சாமான் கட்டிக்கொண்டிருக்கும்போது அவனுக்கு ஆபீசில் இருந்து செய்தி வந்தது. மறுநாள் பத்து மணிக்கு ஒரு கூட்டம், கட்டாயம் இருக்க வேண்டும். எதைப் பற்றி என்று போடவில்லை. எங்களுக்குப் பத்தரைக்கு ராகு காலம். அதற்குள் மொட்டை அடித்துக் காதும் குத்தியாக வேண்டும். பன்னிரண்டுக்கு மேல் என்றால் காது குத்த வரும் ஆசாரி நிற்க மாட்டார், மலைக்குக் கீழே அவருக்கு இன்னொரு காதுகுத்து.

"பெரிய ஆளுங்க பேசுவாங்க, நான் சும்மா கேக்கணும். பத்து நிமிஷம்" என்றான் அண்ணன்.

அண்ணி மட்டும், "பேடா ரீ. காய்ச்சல்னு ஹேளி, லீவு போட்டுடுங்க" என்றாள். வேண்டாங்க, காய்ச்சல் என்று சொல்லிவிடுங்கள் என்பதைத்தான் பாதிக் கன்னடத்தில் சொன்னாள். அவளுக்குச் சிக்மகளூர் ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

"அதான் நெட் இருக்குதே" என்றான் இவன்.

வெள்ளிக்கிழமை காலை வேன் காட்டுக்குள் நுழைந்ததும் ஒவ்வொருவர் போனாகச் செத்தது. மற்றவர்கள் வெளியே மரங்களைப் பார்த்தோம். அவன் எந்த சிம் எந்த வளைவில் சாகிறது என்று சொல்லிக்கொண்டே வந்தான். எங்கள் பெரியப்பா மகன் கவியரசன் ராயக்கோட்டையில் இருந்து பைக்கில் வந்து சேர்ந்திருந்தான். வட்டிக்கு விடுகிறவன், வாய்ச்சவடால், யார் வீட்டு விசேஷத்திலும் முன்வரிசையில் நின்று போட்டோவுக்குப் பல் காட்டுகிறவன். அவனை அழைக்காமல் விட்டால் சண்டை வரும் என்றுதான் அழைத்திருந்தேன்.

மொட்டை அண்ணன் மடியில்தான் அடித்தோம். அழுத பிள்ளையின் தலையில் சந்தனத்தைப் பூசி, அவன் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டான். வெள்ளைச் சட்டையெல்லாம் சந்தனம். அந்த மாதிரி ஒரு முகத்தோடு நான் அவனைப் பார்த்ததே இல்லை. தாய்மாமன் சீராக வாங்கி வந்த கம்மல் அவன் சட்டைப் பையில் இருந்தது. சின்னதாக ஒரு பூ, நடுவில் ஒரு சிவப்புக்கல். ஆசாரி ஊசியைத் தீயில் காட்டிக்கொண்டிருந்தார். அப்போது அவன் மணி பார்த்தான்.

"சாந்தா, இரு, வந்துட்டேன்."

"அண்ணா, இத முடிச்சிட்டுப் போ. ரெண்டு காதுதான்."

"ஆரம்பத்துலயே இல்லன்னா பேர் குறிச்சிக்குவாங்க. நீ ஆசாரிக்கு ஒரு டீ குடு. வந்துட்டேன்."

பிள்ளையைத் தூக்கிப் பாயில் இறக்கிவிட்டான். அவள் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டே இருந்தாள். அவன் செருப்பைக்கூட மாட்டாமல் கூகைப்பாறை பக்கம் ஓடினான்.

கீழே இருந்து பார்த்தால் பாறை உச்சி தெரியும். நாங்கள் எல்லாரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தோம். முதலில் போனை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றான். காத்திருக்கிறான் போல. பிறகு தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு திடீரென்று போனை உதறினான், தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தான், இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்கும் நடந்தான். குத்துக்காலிட்டு உட்கார்ந்து போனில் எதையோ குத்தினான். சிம் மாற்றுகிறான் என்று என் வீட்டுக்காரர் சொன்னார். மறுபடி எழுந்து தூக்கிப் பிடித்தான். மறுபடி உட்கார்ந்தான். "அண்ணா! நேரம் ஆவுது!" என்று நான் கத்தினேன். கேட்டது. கையைக் காட்டி, இரு என்றான்.

ஆசாரி என்னைப் பார்த்தார். பூசாரி, "ராகு காலம் பொறக்கப் போவுதும்மா" என்றார்.

கவியரசன் வேட்டியை மடித்துக்கொண்டு பாயில் சப்பணமிட்டு உட்கார்ந்தான். "மாமன் மடி காலியா கெடக்கக் கூடாது சாந்தா. நானும் மாமன்தானே? குடு" என்றான்.

கொடுத்தேன். எத்தனை வருஷம் கேட்டு வாங்கிய பிள்ளை, அவளுடைய காதுகுத்தைக் கெட்ட நேரத்தில் செய்ய எனக்கு மனசில்லை. இன்றைக்குக் கேட்டாலும் கொடுப்பேன் என்றுதான் சொல்லுவேன். கம்மல் அண்ணன் சட்டைப் பையோடு பாறை மேல் இருந்ததால், ஆசாரி தன்னிடம் இருந்த பொன் கம்பியையே வளைத்து இரண்டு காதிலும் குத்தி முறுக்கிவிட்டார். பிள்ளை ஊசிக்கு அழவே இல்லை, பாறையைப் பார்த்துத்தான் அழுதாள். கவியரசன் போட்டோவுக்குப் பல் காட்டினான்.

அண்ணன் இறங்கி வரும்போது எல்லாரும் இலையில் உட்கார்ந்திருந்தார்கள். முழங்காலில் சிராய்ப்பு. பிள்ளையின் காதைப் பார்த்தான், கவியரசன் மடியைப் பார்த்தான். சட்டைப் பையில் கைவிட்டுக் கம்மலை எடுத்தான். ஆசாரி, "ரத்தம் காயாம தொடக் கூடாதுங்க. புண்ணு ஆறட்டும்" என்றார். திரும்பப் பையில் போட்டுக்கொண்டான்.

"நெட் கட்டாயிடுச்சு சாந்தா. நடுவுல கட்டாயிடுச்சு. அன்னிக்கு நல்லா வந்துச்சே" என்றான். பிள்ளை அழுதாளா என்றுகூடக் கேட்கவில்லை. அந்த ஒரு வார்த்தைக்காக நான் காத்திருந்தேன்.

திரும்பும் வழியில் தேன்கனிக்கோட்டை வந்ததும் போன்களுக்கு உயிர் வந்தது. அவனுடைய போன்தான் அதிகமாகக் கத்தியது. ஒன்றன்பின் ஒன்றாக ஏதேதோ வந்து விழுந்தன. எடுத்துப் படித்தான். படித்துக்கொண்டே இருந்தான். எனக்குப் பொறுக்கவில்லை.

"இப்ப டவர் வந்துடுச்சா? சந்தோஷமா? அந்தக் கம்மல உன் ஆபீஸ்காரன் காதுல போய் மாட்டிவிடு. அவனுக்குத்தான் நீ மாமன்."

என் வீட்டுக்காரர் என் கையை அமுக்கினார். அண்ணன் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "செரி" என்றான். அவ்வளவுதான். செரி என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். ஹெப்பகோடியில் இறங்கும்போது என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

நான்கைந்து நாள் கழித்து அண்ணி போன் செய்து அழுதாள். அன்றைக்கு அந்தக் கூட்டம் ஆளெடுப்பதற்கோ பாராட்டுவதற்கோ இல்லை. கூட்டத்துக்குக் கூப்பிடப்பட்ட அத்தனை பேருக்கும் வேலை போய்விட்டது என்று சொல்வதற்கு. நேரில் சொல்லச் சங்கடமாக இருந்திருக்கும் போல, மொத்தமாகக் கூப்பிட்டு யாரும் பதில் பேச முடியாதபடி வாயை அடைத்துவைத்துச் சொல்லிவிட்டார்கள். வேனில் வந்து விழுந்ததெல்லாம் கூட வேலை பார்த்தவர்களின் செய்திகள். நான் அந்த வார்த்தையைச் சொன்னபோது அவன் அதைத்தான் படித்துக்கொண்டிருந்திருக்கிறான்.

எனக்கு யார்மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. அந்த மலையில் டவரே இல்லாமல் இருந்திருந்தால் அவன் லீவு போட்டிருப்பான். லீவு போட்டவனாக மடியைக் கொடுத்திருப்பான். வேலை எப்படியும் போயிருக்கும், மடியாவது மிஞ்சியிருக்கும். பாடுபட்டு, விசாரித்து, பைக்கில் போய்ப் பரிசோதித்து, அவன் தேடிப் பிடித்துக்கொண்டு வந்தது அந்தச் செய்தியை. வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதை என்பார்கள். இவன் ஓணானுக்கு வழி கேட்டுப் போன் வேறு போட்டான்.

நாற்பத்தைந்தைத் தாண்டியவனுக்கு எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை சுலபமா? காலையில் சட்டை போட்டுக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவான் என்று அண்ணி சொல்லுவாள். ஒரு பக்கம் விண்ணப்பம், ஒரு பக்கம் போன். மூன்று சிம்மும் போனும் எப்போதும் கையெட்டும் தூரத்தில். குளிக்கப் போனால் அண்ணி கையில் கொடுத்துவிட்டுப் போவான். கவியரசனோ அதற்குள் இரண்டு முறை வந்து, "என் மருமவ எங்க?" என்று பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சிவிட்டுப் போய்விட்டான். எனக்கு வயிறு எரியும். ஆனாலும் காப்பி போட்டுக் கொடுப்பேன். மடி கொடுத்தவன் ஆயிற்றே.

பிள்ளைக்குக் காதுப் புண் நன்றாக ஆறி, அவள் தத்தித் தத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாள். நான்தான் இறங்கிப் போனேன். அண்ணனுக்குப் போன் செய்து, "ஞாயித்துக்கெழம வாண்ணா. அந்தக் கம்மல எடுத்துகினு வா. நீயே உன் மடில வச்சுப் போட்டுவிடு" என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. டவர் போய்விட்டதோ என்று பார்த்தேன். போகவில்லை, அழுதுகொண்டிருந்தான்.

வந்தான். இளைத்திருந்தான். அதே வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்திருந்தான், நெஞ்சில் சந்தனக் கறை முழுதாகப் போகவில்லை. பாயில் உட்கார்ந்து பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டான். நான் ஆசாரியின் கம்பியை ஒரு காதில் மெதுவாகக் கழற்றினேன். அவன் கம்மலை எடுத்துக் கொடுத்தான். நான் சும்மா ஒருமுறை விளக்கில் காட்டிப் பார்த்தேன். ஒரு கம்மலின் தண்டு கோணி, நிமிர்த்திய தடம் தெரிந்தது.

"புதுக் கம்மலாச்சே, இது ஏன்ணா இப்பிடி இருக்குது?"

அவன் பிள்ளையின் தலையைத் தடவிக்கொண்டே சொன்னான்.

"அன்னிக்கு சிம் தட்டத் தொறக்கற குத்தூசிய கீழயே பைக்குள்ள வச்சிட்டு ஏறிட்டேன் சாந்தா. இதோட தண்டாலதான் குத்தித் தொறந்தேன். வளைஞ்சிடுச்சு. அவங்க பாதி பேசிகினு இருக்கறப்பவே படக்னு போயிடுச்சு. நெட்டுதான் போயிடுச்சுன்னு நெனச்சேன். மூணையும் மாத்தி மாத்திப் போட்டேன். நெட்டு இருந்துச்சு சாந்தா. நாலு பாயிண்ட் நின்னுச்சு. அவங்கதான் என் கணக்க மூடி, என்ன வெளிய தள்ளிக் கதவச் சாத்திட்டாங்க. அதுகூடத் தெரியாம நான் மறுக்கா உள்ள போவத்தான் அவ்ளோ நேரம்…"

பத்து நிமிஷத்தில் அவன் இறங்கி வந்திருக்கலாம். வேலையில்லாதவனாக வந்திருப்பான், தாய்மாமனாக வந்திருப்பான். நிமிர்த்திய கம்மலை வாங்கி, என் விரலை வழிகாட்டச் சொல்லி, பிள்ளையின் வலது காதில் அவனே போட்டுத் திருகினான். அவள் சிணுங்காமல் இருந்தாள். அண்ணி கையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

அடுத்த கம்மலைக் கையில் எடுத்தபோது பாயில் கிடந்த போன் அடித்தது.

தெரியாத பெங்களூர் நம்பர். அந்த வாரம்தான் அவன் ஒரு கம்பெனிக்கு நேர்முகத்துக்குப் போய்விட்டு வந்திருந்தான், கூப்பிடுவதாகச் சொல்லியிருந்தார்கள். அவன் போனைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். எடுக்கவில்லை.

மகிழினியும் போனைப் பார்த்தாள். பிறகு அவளாகவே குப்புறத் திரும்பி, ஒரு காலைத் தரையில் ஊன்றி, மடியில் இருந்து இறங்கினாள். யாரும் அவளை இறக்கிவிடவில்லை.

"எடுண்ணா" என்றேன். வேறு என்ன சொல்வது?

எடுத்தான். எனக்கே கேட்டது, கன்னடத்தில் ஒரு பெண்ணின் பதிவு செய்த குரல். உங்கள் ரீசார்ஜ் இன்றோடு முடிகிறது, சேவை தொடர ஒன்றை அழுத்தவும். மலைக்கென்று வாங்கிய மூன்றாவது சிம்.

பிள்ளை அவனுக்காக நிற்கவில்லை, நடந்து என்னிடம் வந்துவிட்டாள். ஒரு காதில் கம்மல், ஒரு காதில் ஆசாரியின் கம்பி. நான் தூக்கிக்கொண்டேன். அண்ணன் மடியை விரித்துப் போட்டபடியே உட்கார்ந்து, அந்தக் குரல் முடியும்வரை போனைக் காதில் வைத்திருந்தான்.